பிசுக்குப் போன வாசல்கள்

கரட்டூர் லாரி உரிமையாளர் சங்கத் தலைவர் சென்னியப்பன் வீட்டு வாசல் தரையைவிட்டு ஒரு முழம் மேலே எழும்பி அந்தரத்தில் நின்ற காலையில், வேடிக்கை பார்க்கக் கூடிய கூட்டத்தில் ஒருத்தருக்கும் வாய் பிளக்கவில்லை, கை கூப்பத் தோன்றவில்லை, எல்லாருக்கும் வயிறுதான் எரிந்தது. இத்தனை டன் கான்கிரீட் எப்படிக் காற்றில் நிற்கும் என்று கேட்க அங்கே நாதியில்லை. அது ஏன் இந்த மனுசன் வாசலாகப் பார்த்து நிற்கிறது, நம்ம வாசலுக்கு என்ன கேடு என்றுதான் கேட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரன் ஒரு சாண் உயரக் காம்பவுண்டு வைத்தால் இரண்டு சாண் வைக்காமல் தூக்கம் பிடிக்காத ஊர் அது. அந்த ஊரிடம் வேறு என்னத்தை எதிர்பார்ப்பது?

அந்த வாசலைக் கழுவினவள் துளசிமணி. ஊரின் தாழ்ந்த கோடியில், ஓடைக்கரைத் தெருவில், லாரிகளுக்கு வாட்டர் சர்வீஸ் வைத்திருந்தவள். பிறகு லாரி கழுவின அதே பிரஷர் மிஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு ஒர்க்‌ஷாப் தரை, கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டு, பெட்ரோல் பங்க் என்று பிசுக்கு ஏறின கான்கிரீட்டையெல்லாம் கழுவிக் கொடுக்கக் கிளம்பிவிட்டாள். கடையில் விற்கிற பிசுக்கு மருந்தை அவள் சீந்துவதில்லை. காஸ்டிக் சோடா, சலவைச் சோடா, கொதிக்க வைத்துப் பிழிந்த பூந்திக்கொட்டைச் சாறு, வெல்லம் போட்டு ஊறவைத்த எலுமிச்சைத் தோல் என்று எல்லாம் அவள் கைப்பக்குவம். டிரம்மைத் திறந்தால் தெருமுனை வரைக்கும் மூக்கில் ஏறும். சுடச்சுட ஊற்றி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, காய்வதற்குள் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மேட்டில் நின்று பள்ளத்தைப் பார்க்கத் தண்ணீரைப் பீய்ச்சித் தள்ளுவாள். தண்ணீர் எப்போதும் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு. அந்தத் தொழிலில் கையே அப்படிப் பழகிவிடும், யோசிக்க வேண்டியதில்லை.

சென்னியப்பன் வீட்டு வாசலில் மூன்று தலைமுறை லாரி நின்றிருக்கிறது. கியர் ஆயில், டீசல், கிரீஸ் எல்லாம் ஊறி ஊறிக் கான்கிரீட் கருப்பட்டி மாதிரி ஆகியிருந்தது. மகள் நிச்சயதார்த்தத்துக்கு அதை வெளுக்க வேண்டும் என்று தலைவரின் சம்சாரம் கோகிலாமணி ஒற்றைக்காலில் நின்றாள். துளசிமணி ஊற்றினாள், தேய்த்தாள், அலசினாள். கடைசிக் கருப்பு கரைந்து கேட்டைத் தாண்டி ஓடியபோது கான்கிரீட் ஒரு பெருமூச்சு விட்டது. அவள் காலுக்கடியில் மெதுவாக, காய்கிற பாலில் ஆடை எழும்புவதுபோல எழும்பியது. அவள் தண்ணீர் பீய்ச்சும் துப்பாக்கிக் குழாயைப் பிடித்தபடி மேலே போனாள். ‘அட, ஓஸ் எட்டலையே’ என்றுதான் அவளுக்குத் தோன்றியது. எட்டி இழுத்துக்கொண்டு மிச்சத்தையும் அலசி முடித்தாள்.

பிறகு ஆரம்பித்தது கூத்து. முதல் வாரத்திலேயே வீட்டுக்கு வீடு அடுப்பில் டிரம் ஏறிவிட்டது. ஒருத்தன் கோமியம் கலந்தான், ஒருத்தன் காசித் தீர்த்தம் கலந்தான், ஒரு வக்கீல் தன் மருந்தில் என்ன இருக்கிறது என்று பெண்டாட்டிக்குக்கூடச் சொல்லாமல் கார் ஷெட்டைப் பூட்டிக்கொண்டு காய்ச்சி, புகையில் இருமி இருமி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தான். வேடிக்கை என்னவென்றால் யார் மருந்தாக இருந்தாலும் பிசுக்குப் போனால் வாசல் எழும்பத்தான் செய்தது. மருந்து காய்ச்ச ஊரே முன்னால் வந்தது. குந்தி உட்கார்ந்து தேய்க்க மட்டும் ஓர் ஆள் வரவில்லை. அதற்குத் துளசிமணிதான் வேண்டும். “மருந்து நம்முளுது, நீ வந்து கையை மட்டும் வெச்சாப் போதும் அம்மிணி” என்று ஏதோ தானம் கொடுக்கிற மாதிரிக் கூப்பிடுவார்கள். அவளும் போனாள். பொய் சொல்வானேன், அவளுக்கும் அதில் பெருமைதான். தான் கை வைத்த வாசலெல்லாம் வரிசையாக வானத்தில் நிற்பதைப் பார்க்கிறபோது கழுத்து கொஞ்சம் நிமிர்ந்துதான் போயிற்று.

வாசல் ஏறினால் வாசலோடு வீடும் ஏறியது. முதல் நாள் ஒரு முழம், நாள் போகப் போக எவ்வளவு எண்ணெய் குடித்திருந்ததோ அவ்வளவு உயரம். அதனால் பழைய லாரிக்காரர்கள் தென்னைமர உயரத்துக்குப் போனார்கள், ஒர்க்‌ஷாப்காரர்கள் அதற்குக் கொஞ்சம் கீழே. வாசலில் சொட்டு எண்ணெய் சிந்தாமல் ஒழுக்கமாக வாழ்ந்த தமிழ் வாத்தியார் தெய்வசிகாமணி மட்டும் தரையோடு தரையாகக் கிடந்தார். அவர் சம்சாரம் மூன்று நாள் அடுப்புப் பற்றவைக்கவில்லை. நாலாம் நாள் வாத்தியார் ஒர்க்‌ஷாப்பிலிருந்து கழிவு ஆயில் பீப்பாயை உருட்டிக்கொண்டு வந்து, பளிங்கு மாதிரி இருந்த தன் வாசலில் தானே ஊற்றி, ஊறட்டும் என்று குடை பிடித்துக் காவல் இருந்தார். பிறகு அதைக் கழுவத் துளசிமணியைக் கூப்பிட்டார். அந்த அறிவு ஊர் பூராவும் பரவ அதிக நேரம் ஆகவில்லை. ஏற்கெனவே ஏறினவர்களும் எண்ணெய் ஊற்றி வீட்டை இறக்கி, ஊறவைத்து, கழுவி, இன்னும் ஓர் ஆள் உயரம் ஏறினார்கள். படித்தவன், படிக்காதவன் வித்தியாசமில்லாமல் இவ்வளவு ஒற்றுமையாகக் கரட்டூர் வேறெந்தக் காரியத்தையும் செய்ததில்லை.

நகராட்சியும் சும்மா இருக்கவில்லை. உயரத்துக்கு ஏற்ப வரி போட்டது. பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்தைக் கேட்பதற்கு முன்னால் “வாசல் எத்தனை அடிங்க?” என்று கேட்டார்கள். ஏணி கட்டுகிறவர்கள் பணக்காரர் ஆனார்கள். லாரிகள் மேலே ஏற முடியாதே, அதனால் எல்லா லாரியும் சிமெண்டு, ஜல்லி, மணல் என்று ஏற்றின பாரத்தோடு ஓடைக்கரை மைதானத்தில் வந்து நின்று, அங்கே சொட்டின. வீடுகள் எழும்பினபோது போர் குழாய்களெல்லாம் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டதால் மேலே குடிக்கவும் தண்ணீர் இல்லை. துளசிமணியின் வாட்டர் சர்வீஸ் தொட்டித் தண்ணீரைத்தான் அவள் பிரஷர் மிஷின் வீடு வீடாக ஏற்றிக் கொடுத்தது.

இனி ஓடைக்கரைத் தெருவைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

அந்தத் தெருவில் கான்கிரீட் கிடையாது. ஓடைப் புறம்போக்கு என்று சொல்லி நகராட்சி ஒரு சட்டி ஜல்லி கொட்டினதில்லை. வெறும் மண். ஊர் வாசல்களிலிருந்து கழுவித் தள்ளின கருப்பெல்லாம் சரிவில் இறங்கி இறங்கி அங்கேதான் வந்து தேங்கியது. தேங்கினது மண்ணுக்குள் இறங்கியது. மண் கனத்தது, கனத்து அமிழ்ந்தது. முதலில் வாசற்படி ஒரு படி குறைந்தது. பிறகு கதவு திறக்க முடியாமல் அடியில் அறுத்தார்கள். பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெருவில் போகிறவர்களின் முழங்கால்தான் தெரிந்தது. ஊர் எவ்வளவு மேலே போனதோ அதற்குச் சரியாகத் தெரு கீழே போனது.

துளசிமணியின் மாமனார் மாரப்பன் இடுப்பு ஒடிந்து கட்டிலில் கிடக்கிறவர். கட்டில் காலுக்கு அவள் செங்கல் வைத்தாள், செங்கல்லும் அமிழ்ந்தது, இன்னொன்று வைத்தாள். புருஷன் வடக்கு லைனில் லாரி ஓட்டப் போனவன், வந்து பார்த்தால் வீடு இருக்குமோ இருக்காதோ. ஒரு நாள் சுவரோரம் கருப்பாக எண்ணெய் கசிந்து மாமனார் வேட்டி நுனியில் ஏறுவதைப் பார்த்துக் குனிந்து மோந்தாள். அந்த வாசனை அவளுக்குத் தெரியும். பூந்திக்கொட்டையும் எலுமிச்சைத் தோலும். அவள் மருந்து அது. அவள் கையால் அலசி, அவள் கையால் தள்ளி விட்டது.

“ஏம்மிணி, ஊருக்கெல்லாம் றெக்கை கட்டிவுட்டுட்டு என்னைய உசுரோட குழியில எறக்கறயா?” என்றார் மாரப்பன். அவர் எப்போதுமே நல்ல வார்த்தை பேசுகிறவர் இல்லை. ஆனாலும் அன்றைக்கு அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் மறுபடியும் ஏணி ஏறிச் சென்னியப்பனிடம் போனாள். அவர் ஊஞ்சலில் உட்கார்ந்து, ஊரைக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். உயரம் கிடைத்த நாளிலிருந்து அதுதான் அவர் உத்தியோகம்.

“ஏனுங்க தலைவரே, எங்க தெருவுக்கும் கான்கிரீட் போட்டுக் குடுத்துருங்க. நானே கழுவி மேல ஏத்திக்கறனுங்க. வூடெல்லாம் அமுங்குதுங்க. எங்க மாமனார் பொதைஞ்சுருவாருங்க.”

“போட்டர்லாம் அம்மிணி. தீவாளி கழியட்டும்.”

“போன தடவை பொங்கல் கழியட்டும்னீங்க.”

சென்னியப்பன் ஊஞ்சலை நிறுத்தினார். அவர் பொய் சொல்லுகிற ஆள்தான், ஆனால் உயரத்துக்குப் போன பிறகு பொய் சொல்லுகிற சிரமம்கூட அவருக்கு வேண்டாமென்று ஆகிவிட்டது. “உங்க தெருவும் மேல வந்துருச்சுன்னா எங்க எண்ணெயெல்லாம் எங்க அம்மிணி போவும்? கொஞ்சம் ரோசனை பண்ணிப் பாரு” என்றார், குழந்தைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற குரலில்.

அவள் ஏணியைப் பிடித்தாள். இறங்கி வந்துவிட்டாள். கழுவுகிற வேலையை அன்றோடு நிறுத்தினாள். ஊருக்கு அதனால் ஒன்றும் நஷ்டமில்லை, ஏற வேண்டியவர்களெல்லாம் ஏறியாகிவிட்டது.

ஆனால் மேலே போனவர்களுக்கு வேறொரு தொல்லை வந்து சேர்ந்தது. கோகிலாமணி ஒரு நாள் முறுக்குச் சுடுகையில் ஒரு கரண்டி எண்ணெய் தரையில் சிந்த, சமையல்கட்டு மூலை டொக்கென்று தாழ்ந்து, முறுக்கு, அச்சு, அவளுடைய நாத்தனார் எல்லாம் ஒரு பக்கமாக உருண்டு போனார்கள். சோடா போட்டுத் தேய்த்த பிறகுதான் மூலை நிமிர்ந்தது. அன்றையிலிருந்து உயர்ந்த வீடுகளில் எண்ணெய்க்குத் தடை. தாளிதம் கிடையாது, அப்பளம் சுட்டுத்தான், தோசை வறண்டு சட்டியிலேயே ஒட்டிக்கொண்டது. சாமிக்கு மின்சார விளக்கு. பெண்கள் தலைக்கு எண்ணெய் வைக்காமல் பரட்டையாகத் திரிந்துவிட்டு அதுதான் நாகரிகம் என்றார்கள். ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்கள் என்று சொல்லலாம் என்றால் அந்த விளக்கெண்ணெய்க்கும் அங்கே வழியில்லை.

நாக்கு சும்மா இருக்குமா? சாயங்காலம் ஆனால் பெரிய மனிதர்களெல்லாம் ஏணியில் இறங்கி, மூக்கைப் பொத்திக்கொண்டு, ஓடைக்கரை ஆராயி கடையில் பஜ்ஜி தின்ன வரிசையில் நின்றார்கள். ஆராயி துளசிமணிக்குப் பக்கத்து வீட்டுக்காரி, வாய் நீளம். “தொரைமாரு எறங்கி வந்துட்டாங்க, சட்டியைப் பெருசா வையுங்க” என்று காது கேட்கவே சொல்லுவாள். தின்று முடித்ததும் கையைச் சோடாவில் கழுவிக்கொண்டு மேலே போவார்கள். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலும் அங்கேதான். தெருவே அமிழ்ந்துகொண்டிருக்கிறது, அதன் நடுவில் நின்று நல்லெண்ணெயைத் தேய்த்து, அந்தத் தெரு மண்ணிலேயே வழித்துவிட்டு, துளசிமணி தொட்டித் தண்ணீரில் குளித்துவிட்டுப் போனார்கள். “இந்தத் தெரு நாத்தம் தாங்கலப்பா” என்று சொல்லவும் மறக்கவில்லை.

தீபாவளி வந்தது. எதை விட்டாலும் தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்காமல் இருக்க முடியுமா? மேலே தேய்த்தால் வீடு கவிழும். சங்கத்தில் கூடிப் பேசி, ஊர் மொத்தமும் ஓடைக்கரைக்கு இறங்கிக் குளித்துவிட்டு ஏறிவிடுவது என்று தீர்மானம் போட்டார்கள். ஓடைக்கரைக்காரர்களைக் கேட்க வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. குளிக்கிற இடத்தைக் கேட்டுக்கொண்டா குளிப்பார்கள்?

கிழக்கு வெளுக்கையில் ஏணி ஏணியாக ஜனம் இறங்கியது. தலைவர், வக்கீல், வாத்தியார், டாக்டர், கோகிலாமணி, அவளுடைய உருண்டு போன நாத்தனார், பேரன் பேத்திகள் எல்லாரும் இடுப்பில் துண்டோடும் பழைய சேலையோடும் தெரு நிறைய நின்று, உச்சியில் எண்ணெய் வைத்து, உள்ளங்கால் வரை வழிய வழியத் தேய்த்துக்கொண்டார்கள். இத்தனை பேர் பாரம் ஏறியதும் தெரு சத்தமில்லாமல் இன்னொரு விரற்கடை இறங்கியது. உள்ளே மாரப்பன் இருமினார்.

“அம்மிணி, தண்ணியைத் தொறந்து வுடு” என்றார் சென்னியப்பன்.

துளசிமணி தொட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். மிஷினின் சாவி அவள் மடியில் இருந்தது. “கான்கிரீட் போட்டாத் தண்ணி வரும்” என்றாள்.

முதலில் சிரித்தார்கள். பிறகு அதட்டினார்கள். பிறகு வாத்தியார், இதற்கெல்லாம் மசிவதா என்று துண்டால் உடம்பைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று ஏணி ஏறி வாசலில் கால் வைத்தார். உள்ளங்கால் எண்ணெய் பட்ட இடத்தில் வீடு சாய்ந்தது, வாத்தியார் வழுக்கினார், வழுக்கின வழியெல்லாம் எண்ணெய் ஆயிற்று, வீடு மொத்தமாகத் தொம்மென்று தரையில் வந்து உட்கார்ந்து ஒரு பக்கச் சுவர் வாயைப் பிளந்தது. வாத்தியாருக்கு ஒன்றும் ஆகவில்லை. அழுதார், அவ்வளவுதான். அதற்கப்புறம் ஏணிப் பக்கம் ஒருத்தரும் போகவில்லை.

“கண்ணு எரியுது துளசி, ஒரு சொம்பு ஊத்தும்மா. நாங்க உனக்கு என்ன கொறை வெச்சோம்?” என்று கோகிலாமணி கெஞ்சினாள்.

“என்ன கொறை வெச்சீங்களா?” துளசிமணி தன் வீட்டுப் பக்கம் கையை நீட்டினாள். “அந்தக் கதவைப் பாருங்கொ. குனிஞ்சு பாருங்கொ. உள்ள ஒரு மனுசன் படுத்துட்டிருக்காரு. நீங்க மேல ஏற ஏற அவரு உள்ள போயிட்டிருக்காரு. இத்தன நாளா வந்து பஜ்ஜி தின்னீங்களே, ஒருத்தருக்காச்சும் கீழ பாக்கத் தோணுச்சா? சிமெண்டு லாரி அங்க நிக்குது, உங்க லாரிதான். ஜல்லி இருக்குது, மணல் இருக்குது. கையும் காலும் உங்களுக்கு இருக்குது. ஆரம்பிங்க.”

குழந்தைகளை மட்டும் அவள் தனியாகக் கூப்பிட்டு, சீயக்காய் தேய்த்து, வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டி ஆராயி கடைப் பலகையில் உட்கார வைத்தாள். பெரியவர்களுக்கு ஒரு சொட்டு இல்லை.

வெயில் ஏறியது. எண்ணெய் உருகிக் கண்ணில் இறங்கியது. கடைசியில் வக்கீல்தான் முதலில் சட்டியைத் தூக்கினார், சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று சொல்லிக்கொண்டே. பிறகு எல்லாரும் தூக்கினார்கள். ஜென்மத்தில் மண்வெட்டி பிடிக்காத கைகள், எண்ணெயில் வழுக்கி வழுக்கி, ஜல்லியை ஒருவர் காலில் ஒருவர் கொட்டிக்கொண்டு, சாபம் விட்டுக்கொண்டு, தெருவின் மேட்டுக் கோடியிலிருந்து பள்ளத்தை நோக்கிக் கலவை போட்டன. கலக்கத் தண்ணீர் கேட்டபோது துளசிமணி தாராளமாகத் திறந்துவிட்டாள், ஆனால் குழாயைக் கலவையின் மேலேயே பிடித்துக்கொண்டாள்.

மத்தியானம் தெரு முழுவதும் கான்கிரீட் ஆயிற்று. சென்னியப்பன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, “போட்டாச்சு, இனி தண்ணியை வுடு, குளிச்சுட்டு ஊட்டுக்குப் போறோம்” என்றார்.

“எப்படிங்க போவீங்க?” என்று துளசிமணி கேட்டாள்.

அப்போதுதான் பார்த்தார்கள். கடைசிச் சட்டியைக் கொட்டிவிட்டு வெயிலுக்குப் பயந்து எல்லாரும் ஓடைக்கரை வீடுகளின் ஓரத்தில் ஒதுங்கி நின்றிருந்தார்கள். ஏணிகளுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஈரக் கான்கிரீட் பளபளவென்று கிடந்தது.

“அதுல கால் வெச்சீங்கன்னா மறுபடி முதல்ல இருந்து போடணுமுங்க. எறுகட்டும். அது வரைக்கும் எங்கூட்ல இருங்கொ. தீவாளியும் அதுவுமா வந்துருக்கறீங்க.”

அவள் தொட்டியிலிருந்து இறங்கித் தண்ணீரைத் திறந்துவிட்டு எல்லாரையும் குளிக்கச் சொன்னாள். பிறகு வீட்டுக்கு இத்தனை பேர் என்று பிரித்து உள்ளே அனுப்பினாள். சென்னியப்பன் அவள் வீட்டுக்கு வந்தார். அறுத்த கதவுக்கு ஏற்றபடி மடங்கிக் குனிந்து நுழைந்து, மாரப்பன் கட்டிலுக்கு எதிரில் பாயில் உட்கார்ந்து, ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டார். ஆராயி கொடுத்தனுப்பிய பலகாரத்தில் ஒரு வாய் தின்றார். பிறகு சட்டென்று நிறுத்தினார். பாய்க்கடியில் ஏதோ நழுவியது. சுவரைப் பார்த்தார், காலைப் பார்த்தார், ஜன்னலில் மீதியிருந்த வெளிச்சத்தைப் பார்த்தார்.

“ஏனப்பா, தரை கீழ போவுதே! எனக்குத் தெரியுதே, கீழ போவுதே!” என்று கத்தினார்.

மாரப்பன் சிரமப்பட்டு அவர் பக்கம் திரும்பிப் படுத்தார்.

“சத்தம் போடாதீங்க தலைவரே. இப்படி மேக்கால நகந்து உக்காருங்க, அங்க கொஞ்சம் மெதுவா எறங்கும்.”